சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

பிப்ரவரி 24 (வாசகர் ஒருவரின் கேள்வி)

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். 15,349 என்கிறார் ஒருவர், 16,700 என்கிறார் இன்னொருவர், 9,537 என்றும் 8,288 என்றும்கூடப் பார்த்தேன். எது நிஜம்? 15,349 கி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். விமானம் மணிக்கு 900 போகிறது, பதினேழு மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். டிக்கெட்டில் 18 மணி 40 நிமிஷம் என்று போட்டிருக்கிறது. மிச்ச நேரம் எங்கே போகிறது? வயதான அப்பா அம்மாவோடு போகிறேன். நிற்காமல் போகும் விமானமா, நடுவில் இறங்கி ஏறுவதா, அதையும் சொல்லுங்கள்.

பிப்ரவரி 24, இரவு

நாலு எண்ணுமே பொய் இல்லை. 8,288 கடல் மைல், 9,537 தரை மைல், 15,349 கிலோமீட்டர், மூன்றும் ஒரே தூரம். கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும். பைலட்டும் மாலுமியும் கடல் மைலை விடமாட்டார்கள். அமெரிக்கர்கள் தரை மைலை விடமாட்டார்கள். நடுவில் நாம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

16,700 மட்டும் வேறு ரகம். அது பாதையின் நீளம். நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 25, காலை

அதற்கு முன்னால் ஒரு வேடிக்கை. இந்த இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணினி இல்லாமல், கூட்டல் கழித்தலிலேயே போட்டுவிடலாம்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரிக்கு ஒரு துளி குறைவு. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் மேற்கே 73.8. இரண்டையும் கூட்டினால் 177.8. அரை வட்டத்துக்கு இரண்டே டிகிரிதான் பாக்கி. அதாவது பூமிப்பந்தில் ஒன்று முன்பக்கம் என்றால் மற்றது ஏறக்குறைய நேர் பின்பக்கம். அப்படியானால் குறுக்கு வழி எது? வடதுருவம்தான். நேராக வடக்கே ஏறி, உச்சந்தலையைத் தாண்டி, அந்தப் பக்கம் தெற்கே இறங்க வேண்டும்.

சிங்கப்பூரின் அட்சரேகை 1.36. துருவம் வரை ஏற 88.64 டிகிரி. நியூயார்க் 40.64, இறங்க 49.36 டிகிரி. கூட்டினால் 138. அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்பது மாலுமிக் கணக்கு. 138 பெருக்கல் 60, 8,280. சரியான விடை 8,288. அந்த எட்டு மைல், பூமி துருவத்தில் லேசாகத் தட்டையாக இருப்பதால் வருவது (நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357).

இடத்துக்கு இடம் பத்திருபது கி.மீ. மாறுவதும் இதனால்தான். சிலர் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்துப் போடுகிறார்கள், சிலர் தட்டையையும் சேர்த்துப் போடுகிறார்கள். சிலர் நகரத்தின் மையத்திலிருந்து அளக்கிறார்கள், சிலர் ஓடுபாதையிலிருந்து. பக்கத்திலேயே இருக்கும் நெவார்க் நிலையத்துக்கு 15,344 கி.மீ., ஐந்து குறைவு. இதற்கெல்லாம் சண்டை போடாதீர்கள்.

பிப்ரவரி 25, மதியம்

"பள்ளிக்கூட மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அரேபியா, ஆப்பிரிக்கா வழிதானே நேர்கோடு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது 1569-இல் மெர்கேட்டர் கப்பலோட்டிகளுக்காகப் போட்ட பாணி. அதில் வடதுருவத்தை வரையவே முடியாது, காகிதம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் எட்டாது. ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு குளோபும் நூலும் எடுங்கள்.

பிப்ரவரி 25, இரவு

இப்போது 16,700.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபர் 11 அன்று நெவார்க் விமானத்தை மீண்டும் தொடங்கியபோது சொன்ன எண் அது: 16,700 கி.மீ., அதிகபட்சம் 18 மணி 45 நிமிஷம். குறுக்கு வழியைவிட 1,350 கி.மீ. கூடுதல். எரிபொருளைத் துளித்துளியாகக் கணக்குப் பார்க்கும் தொழிலில் எவனாவது சும்மா சுற்றுவானா?

காற்றுக்காகத்தான் சுற்றுகிறார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே மணிக்கு 250 கி.மீ.-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பல நாள் துருவத்தை விட்டுவிட்டு, தைவான், ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கில் அந்தக் காற்றின் முதுகில் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த வழியில் ஓடும் ஏர்பஸ் ஏ350 விமானம் போகும் வேகம் ஒலியின் வேகத்தில் 0.85. பதினோரு கி.மீ. உயரத்தில் மைனஸ் 56 டிகிரிக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ.தான், ஆகவே விமானம் 903. நீங்கள் சொன்ன 900 இங்கிருந்து வருவது. 15,349-ஐ 903-ஆல் வகுத்தால் பதினேழு மணி நேரம். இப்போது 16,700 கி.மீ. பாதையில் சராசரி 80 கி.மீ. பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 983, அதுவும் அதே பதினேழு மணிதான். காற்று 130 என்றால் பதினாறு மணி பத்து நிமிஷம். சுற்று வழி, ஆனால் சீக்கிரம். 2018-இல் அந்த முதல் விமானம் 17 மணி 52 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், படம் எதுவும் போடமாட்டேன். தரை வேகம் 905, 940, 1,010, 1,090 என்று ஏறும். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னைப் பார்க்கும் பார்வையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 26

நேற்று எழுதும்போது விட்டுப்போனது. திரும்பி வரும்போது நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருகிற நாட்களும் உண்டு. அதாவது போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரண்டு பக்கமும் பின்காற்று. போய்விட்டு வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டீர்கள், யாரும் மாலை போடமாட்டார்கள். ஊர்கள் நேர் எதிரெதிரே இருந்தால்தான் இந்த வசதி. லண்டன்–நியூயார்க் போகிறவனுக்கு எதிர்காற்றிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

பிப்ரவரி 26, மாலை

"மிச்ச நேரம்" என்ன ஆகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. விமானம் கேட்டிலிருந்து நகரத் தொடங்குவதிலிருந்து, அங்கே கேட்டில் நின்று பிரேக் போடுவது வரை. ஓடுபாதைக்கு வரிசையில் நகர்வது இதில் உண்டு. ஜே.எஃப்.கே.யில் மாலை நேரத்தில் அந்த வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடையே தேவலை. ஏறும்போதும் இறங்கும்போதும் 900 போக முடியாது. அமெரிக்க வான்வெளியில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் என்று கட்டுப்பாடு, அதாவது சுமார் 463 கி.மீ. இவை போக, காற்று ஏமாற்றும் நாட்களையும் மனதில் வைத்துக் கொஞ்சம் தாராளமாகத்தான் அட்டவணை போடுவார்கள். குளிர்கால அட்டவணைக்கும் கோடைக்கால அட்டவணைக்கும் நிமிஷங்கள் மாறுவதைக் கவனியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும் நாட்கள்.

அதனால்தான் பல நேரம் "அரை மணி முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வருகிறது. கைதட்ட வேண்டாம்.

பிப்ரவரி 28

இரண்டு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள்: "போகும்போது தள்ளுகிற காற்று வரும்போது தடுக்கும், மொத்தத்தில் சரியாகிவிடும்." ஆகாது. 8,000 கி.மீ. தூரம், விமானம் 900, காற்று 100 என்று வையுங்கள். ஒரு பக்கம் 1,000 வேகத்தில் 8 மணி, மறுபக்கம் 800-இல் 10 மணி, மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிஷம். தடுக்கும் காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், அதனால் நஷ்டம் எப்போதும் பெரியது.

மார்ச் 1

"1,090 என்றால் ஒலியை மிஞ்சிவிட்டதே, சத்தம் ஏன் கேட்கவில்லை?"

மிஞ்சவில்லை. 1,090 தரையைப் பார்த்த வேகம். சுற்றியுள்ள காற்றைப் பார்த்தால் அதே 0.85தான். ஓடும் ரயிலுக்குள் நடப்பவன் கணக்கு. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு ஜம்போ ஜெட் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்தில் போனது. ஒரு கட்டத்தில் தரை வேகம் 1,300-ஐத் தாண்டியிருந்தது. அதுவும் ஒலியை மிஞ்சவில்லை. நிஜமாக மிஞ்சிய கான்கார்டு விமானம் 1996 பிப்ரவரி 7 அன்று அதே தூரத்தை 2 மணி 53 நிமிஷத்துக்கு ஒரு விநாடி குறைவாக முடித்தது.

மார்ச் 1, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, தலைப்பை விட்டுப் போகிறேன். இந்த ஜெட் காற்றை முதலில் அளந்து எழுதியவர்களில் ஒருவர் வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆராய்ச்சியாளர். 1920-களில் பலூன் விட்டு விட்டு அளந்தார். வெளிநாட்டவர் படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி! ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானை நோக்கிப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள், எதிர்காற்றில் நகரவே முடியாமல் திணறிய பிறகுதான் அதன் வீரியம் புரிந்தது.

மார்ச் 3

துருவ வழியில் ஏன் தினமும் போவதில்லை என்று கேட்டவருக்கு: காற்று ஒரு காரணம். குளிர் இன்னொன்று. மணிக்கணக்கில் அந்தக் குளிரில் போனால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளும் குளிர்ந்துகொண்டே வரும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ மைனஸ் 40-இல் உறையும், மற்ற நாடுகளில் கிடைக்கும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். வெப்பநிலை அந்த எல்லையை நெருங்கினால் கீழே இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டிவரும். அட்சரேகை 82-க்கு மேலே நடுக்கோட்டுச் செயற்கைக்கோள்கள் அடிவானத்தில் மறைந்துவிடும், பெரும்பாலும் பழைய பாணி ரேடியோதான் துணை. சூரியப் புயல் வந்தால் அதுவும் போச்சு.

பிறகு அரசியல். துருவத்துக்கு ஏறும் வழி ரஷ்யாவின் மேலே போகிறது. 2022-இலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் போக முடியாது. ஹெல்சிங்கி–டோக்கியோ ஒன்பதரை மணிப் பயணமாக இருந்தது, பதின்மூன்று மணி ஆகிவிட்டது. இரண்டு ஊரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

மார்ச் 4

அப்பாவைக் கூட்டிக்கொண்டு இதே வழியில் போயிருக்கிறேன். அப்போதுதான் மணி பார்ப்பது எவ்வளவு சிக்கல் என்று தெரிந்தது.

அவரிடம் ஒரு மாத்திரை டப்பா உண்டு. ஏழு கிழமைக்கும் ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலை, இரவு என்று இரண்டு குழி. போகும்போது நள்ளிரவில் கிளம்பினோம். பதினெட்டரை மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே அதே தேதி, விடிகாலை. அப்பாவின் அந்தக் கிழமை அறை விமானத்திலேயே காலி. ஆனால் நாளோ இப்போதுதான் தொடங்குகிறது! "இன்னிக்கு மறுபடியும் போடணுமா?" என்று குடியேற்ற வரிசையில் நின்றுகொண்டு கேட்டார்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. திங்கள் இரவு பத்தரைக்குக் கிளம்பினோம், இறங்கியது புதன் விடிகாலை. செவ்வாய் அறையைத் திறக்கவே இல்லை. உடம்புக்கு ஆனது பத்தொன்பது மணி நேரம், காலண்டர் மட்டும் இரண்டு முறை கிழிந்திருக்கிறது. மிச்சமிருந்த செவ்வாயைக் காட்டி, இது யார் கணக்கில் என்று வாதாடிக்கொண்டே வந்தார். நல்லவேளை, கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக் காகிதத்தில் எழுதி வாங்கியிருந்தோம்: ஊர் நேரத்தைப் பார்க்காதே, முந்தின மாத்திரைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இத்தனை மணி நேரம் என்று மட்டும் பார். அது அவர் மாத்திரைக்குச் சொன்னது. இன்சுலின் போன்றவற்றுக்கு வேறு மாதிரி இருக்கும், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கிளம்பிய ஊர் நேரத்திலேயே விட்டுக் கையில் கட்டிவிட்டால் போதும், பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

மார்ச் 6

கடைசிக் கேள்வி: நிற்காமலா, நின்றா? நிற்காமல்தான், யோசிக்கவே வேண்டாம். ஒரே ஏறல், ஒரே இறங்கல், பெட்டி தொலைய வாய்ப்பே குறைவு. ஏ350-க்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் அடி மலைமேல் இருப்பது போல வைத்திருப்பார்கள், பழைய விமானங்களில் எட்டாயிரம். இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

ஒரே விஷயம், இதில் எகானமி வகுப்பே கிடையாது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, மொத்தம் 161 சீட். அதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350-இல் 253 சீட். காரணம் எடை. இந்த ரகத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். முழுக்க நிரப்பினால் கிட்டத்தட்ட 130 டன், விமானம் அதிகபட்சம் 280 டன்னோடுதான் கிளம்பலாம். முதல் பாதிப் பயணத்தில் எரிக்கிற எண்ணெயில் ஒரு பங்கு, இரண்டாம் பாதி எண்ணெயைச் சுமப்பதற்கே போகிறது. 2004-இல் இதே வழியில் நாலு இன்ஜின் ஏ340-500 ஓடியது. அது குடித்த எண்ணெய்க்கு 2013-இல் நிறுத்தவேண்டியதாகிவிட்டது. பிறகு இரண்டு இன்ஜின் வந்துதான் கட்டுப்படியாயிற்று.

மார்ச் 7

நேற்று "யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதிவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

எனக்கு நிற்காமல் போவதுதான் பிடிக்கும். ஆனால் அப்பா பன்னிரண்டாவது மணி நேரத்துக்கு மேல் எப்படி இருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். கணுக்கால் வீங்கி, செருப்பு மாட்டவில்லை. நடைபாதையில் நடக்கச் சொன்னால், தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவேனோ என்று கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருந்தார். தண்ணீரும் குடிக்கவில்லை, குடித்தால் எழுந்து போகவேண்டுமே என்று. இந்தக் கூச்சம் உள்ள பெரியவர்களுக்கு நடுவில் ஓர் இடத்தில் இறங்கிக் காலை நீட்டுவது நிஜமான ஓய்வு.

ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட்டில் நின்று, அதே விமானம் தொடர்ந்து நியூயார்க் போகும் வழியைப் பாருங்கள். சிங்கப்பூர்–ஃப்ராங்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ., அங்கிருந்து ஜே.எஃப்.கே. சுமார் 6,200. மொத்தம் 16,500. நிற்காத விமானம் பசிபிக்கைச் சுற்றிப் போகிற தூரத்தைவிடக்கூட இது அதிகம் இல்லை! நேரம்தான் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும், நடுவில் நிற்பதாலும் மேற்கு நோக்கி எதிர்காற்றில் போவதாலும். எகானமி சீட்டும் கிடைக்கும். நான்கைந்து மணி நேரம் கூடினாலும் கால் நீட்டக் கிடைக்கும் என்பவர்களுக்கு இது. ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைக்கும் இணைப்புகளை மட்டும் தொடாதீர்கள், அது ஓய்வில்லை, தண்டனை.

மார்ச் 15

அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள் (மார்ச் இரண்டாம் ஞாயிறு). இரண்டு ஊருக்கும் இருந்த 13 மணி வித்தியாசம் இனி நவம்பர் முதல் ஞாயிறு வரை 12. டிக்கெட்டில் இறங்கும் நேரம் மாறியிருந்தால் பயணம் நீண்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சூரியனைக் கேட்டால் 177.8 டிகிரிக்கு 11 மணி 51 நிமிஷம் என்று சொல்லும். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி முன்னே நகர்ந்துகொண்டது. 104 டிகிரிக்கு நியாயமாக கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணிதான் கூடுதல், எட்டை எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 19

"இதைவிட நீளமானது வருமா?" சிட்னி–லண்டன், சுமார் 17,000 கி.மீ. ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் 2019-இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஆட்கள் அதிகமில்லாமல் ஒரு சோதனைப் பயணம் விட்டது, 19 மணி 19 நிமிஷம். பயணிகளோடு போக ஏ350-1000 ரகத்தில் பன்னிரண்டுக்கு 2022-இல் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். 1947-இல் இதே இரண்டு ஊருக்கு நடுவே வழியில் ஆறு இடங்களில் இறங்கி நான்கு நாள் ஆனது.

ஆனால் பறக்கும் நேரத்தில் இதற்கெல்லாம் அப்பனான சாதனை ஒன்று உண்டு, அதுவும் நம் பக்கத்திலேயே. போர்க்காலத்தில், 1943 முதல் 1945 வரை, குவாண்டாஸின் கேட்டலினா கடல் விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்கு நிற்காமல் பறந்தன. ஆகும் நேரம் 27 முதல் 33 மணி. பயணிகள் அதிகபட்சம் மூன்று பேர். ஜப்பானியருக்குத் தெரியக்கூடாது என்று ரேடியோவை அணைத்து, நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்களாம். பதினெட்டு மணி நேரத்துக்கு நாம் புலம்புகிறோம்.

மார்ச் 22

ஃப்ராங்ஃபர்ட் வழி டிக்கெட் போட்டாயிற்று என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லது. அங்கே கைப்பையோடு இறங்கி, மறுபடி சோதனை வரிசையில் நின்று, அதே விமானத்தில் ஏறவேண்டியிருக்கும். செக்-இன் பெட்டி நேரே நியூயார்க் போய்விடும். அம்மாவுக்கு சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட்டிலேயே இப்போதே எழுதச் சொல்லுங்கள், கேட்டில் போய்க் கேட்டால் அலைய விடுவார்கள். மாத்திரை கைப்பையில், டாக்டர் சீட்டோடு.

வேறு ஊர்களுக்குக் கணக்குப் போடக் கேட்டவர்களுக்கு: நிற்காத விமானம் என்றால் தூரத்தை 850-ஆல் வகுத்து முக்கால் மணி கூட்டுங்கள், கிட்டத்தில் வரும். மேற்கே போனால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, அதே விமானம் போன வாரம் ஏழு நாளும் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்ப்பது. அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இடைவெளி என்றால் அந்த ஏழில் மோசமான நாளை வைத்து முடிவு செய்யுங்கள்.